அரைக்கம்பத்தில் ஒரு ஞாயிறு

மெரேட்டா இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது.

எல்லாம் ஒரே அளவு. துடைத்து வைத்த மாதிரி மினுமினுப்பு. இந்த வீட்டில் யாரும் எலுமிச்சம்பழம் பிழிந்து அவள் பார்த்ததில்லை. அப்பாவுக்கு ஊறவைத்த மத்தி மீனும் கறுப்பு ரொட்டியும் போதும்.

மேஜையும் அவர்களுடையது இல்லை. நாற்காலி, வெள்ளை சோபா, சுவரில் தொங்கும் புரியாத படம், எல்லாம் வாடகைச் சாமான். வெள்ளிக்கிழமை லாரியில் வந்து இறங்கின. அதே லாரிக்காரர்கள் வீட்டிலிருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு ப்ரேபனின் தானியக் கொட்டகையில் அடுக்கிவிட்டார்கள். இரண்டு நாளாக அப்பாவும் மகளும் அடுத்தவர் வீட்டுக்கு விருந்து வந்தவர்கள் மாதிரி ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைக்குப் பகல் ஒரு மணிக்கு வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

காலணியைக் கழற்றுவதற்குள் செல்போன் அடித்தது. வீட்டுத் தரகர் மலேனா.

"மெரேட்டா! நல்லா தூங்குனீங்களா?"

"இனிமேதான்."

"ஐயோ ஆமா, உங்களுக்கு ராத்திரி வேலைல்ல. எலுமிச்சம்பழம் பார்த்தீங்களா? நேத்து சாயங்காலம் நான்தான் வச்சேன். இப்போ ஒரே ஒரு உதவி. ஆளுங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடுப்புல நாலு பன் வச்சிடுங்க. உள்ளே வந்ததும் அந்த வாசனை அடிச்சா, இது நம்ம வீடுங்கற நினைப்பு தானா வந்துடும்."

"நான் ரொட்டித் தொழிற்சாலையில வேலை பார்க்கறேன், மலேனா. ராத்திரி பூரா அந்த வாசனைக்குள்ளதான் நிக்கறேன். ஒரு நாளும் அது என் வீடுன்னு தோணினதில்ல."

மலேனா சிரித்தாள். அது வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்புறம் உங்கப்பா எய்வின்கிட்ட சொல்லிக் கொடியேத்திடச் சொல்லுங்க. தோட்டத்துல கொடி பறந்தா ரோட்டிலேயே தெரியும். பொறந்த நாளுக்குக் கொடியேத்தின வீடு மாதிரி கலகலன்னு இருக்கும். ஒரு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிடுங்க, சரியா? வீட்டுக்காரங்க நின்னா வர்றவங்க அலமாரியைத் திறந்து பார்க்கக் கூச்சப்படுவாங்க."

மெரேட்டா போனை வைத்தாள். எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள். கீறல் கீழே போகும்படி திருப்பி வைத்தாள்.

போன நவம்பரில் எய்வின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டி. காலையில் விழுந்தவர் சாயங்காலம் வரை அந்த ஓட்டுத் தரையில் கிடந்தார். சட்டைப் பையிலிருந்த போனில் மகன் யெஸ்பரை மட்டும் ஒரு தடவை கூப்பிட முடிந்தது. யெஸ்பர் அப்போது ஆர்ஹுஸ் நகரத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தான். அழைப்பைத் துண்டித்தான். ப்ரேபன் தற்செயலாக முட்டை கொடுக்க வந்ததால் அவர் பிழைத்தார்.

வலது கை திரும்பி வரவில்லை. பேச்சு வந்தது, மெதுவாக. மெரேட்டா ஆல்போர்க் நகரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவோடு வந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் பக்கத்து ஊர் ரொட்டித் தொழிற்சாலையில் புது வேலை. வசந்தத்தில் யெஸ்பர் தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அவனிடம் மெரேட்டா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா சம்மதிச்சுட்டாரா?"

"அவருக்கே டவுன்ல ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு சின்ன ஃபிளாட் போதும்னு இருக்கு. உன்கிட்ட சொல்லத்தான் சங்கடப்படறாரு."

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இருபது வருட இரவு வேலையில், பகலில் ஒழுங்காகத் தூக்கம் வந்தது இந்த வீட்டில்தான். ஜன்னலுக்கு வெளியே கடற்கழியின் தண்ணீர் கரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டபடி அவள் கட்டையாகத் தூங்குவாள்.

வீடு போனால் அந்தத் தூக்கமும் போகும்.

அப்பா சமையலறையில் நின்றபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உட்காரவில்லை.

"ஏன் நிக்கற? உட்காரு."

"எதுல?"

வாடகை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி உறை. அவருடைய கால்சட்டையில் நேற்றைய தோட்டத்து மண்.

"உட்காருப்பா. கறை பட்டா படட்டும்."

"இன்னிக்கு ஒரு நாள்தானே," என்றார் எய்வின். "வித்துட்டா நீயும் நிம்மதியா இருப்ப. உன் வயசுக்கு ராத்திரி வேலையும் பார்த்து, பகல்ல கிழவனுக்குச் சட்டை பொத்தானும் மாட்டிவிட்டு... யெஸ்பர் எல்லாம் சொன்னான்."

மெரேட்டா மாத்திரை டப்பாவை எடுத்துக் காரில் ஒளித்து வைக்கக் கிளம்பியவள், நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"நீ களைச்சுப் போயிட்டன்னு. ஆல்போர்குக்கே திரும்பிப் போகணும்னு இருக்க, ஆனா என் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டேங்கறன்னு. அதனாலதான் தரகர் காகிதத்துல கையெழுத்துப் போட்டேன். இடது கையால. கோழி கிறுக்கின மாதிரி."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"நீ எதைத்தான் சொல்லுவ?"

"அப்பா, என்கிட்ட அவன் வேற சொன்னான். உனக்குத்தான் டவுனுக்குப் போகணும்னு ஆசையாம். நான் வருத்தப்படுவேன்னு நீ சொல்லலையாம்."

எய்வின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் கழியில் சிப்பி அள்ளியவர். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. கீழுதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வார். இப்போது இழுத்துக்கொண்டார்.

"டவுன்ல நான் என்ன புடுங்கப் போறேன்?" என்றார்.

"அதையே யெஸ்பருக்குப் போன் பண்ணிச் சொல்லு. இன்னிக்கு யாரையும் வர வேணாம்னு சொல்லிடலாம்."

"முடியாது."

"ஏன்?"

"வாக்குக் கொடுத்துட்டேன். வீட்டைக் காட்டுறேன்னு சொன்னேன். காட்டணும்."

"பொய் சொல்லி வாங்கின வாக்குப்பா அது!"

"அவன் சொன்னது பொய். நான் கொடுத்தது வாக்கு." அவர் அலமாரிக்கு மேலே இடது கையை நீட்டித் துழாவினார். மடித்த கொடி அங்கே இருந்தது. லாரிக்காரர்கள் கண்ணில் படாமல் தப்பிய ஒரே சாமான். "தரகரம்மா கொடி வேணும்னாங்க இல்ல?"

"ஆமா. பொறந்த நாள் வீடு மாதிரி இருக்கணுமாம்."

"வா. எனக்கு ஒரு கைதான். கயிறு நீ பிடி."

கொடிக்கம்பம் புல்வெளி நடுவில் வெள்ளையாக நின்றது. காற்று அளவாக வீசியது. மெரேட்டா கயிற்றில் கொடியைக் கோத்தாள். இழுத்தாள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட நாட்டுக் கொடி மெல்ல ஏறி, உச்சிக்குப் போய் விரிந்தது. எய்வின் தொப்பியைக் கழற்றிவிட்டு அதை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி," என்றார். "இப்போ இறக்கு."

"என்ன?"

"பாதி வரைக்கும்."

மெரேட்டா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். இந்த வீட்டில் கடைசியாக அரைக்கம்பத்தில் கொடி நின்றது அம்மா இறந்த அன்றைக்கு. பதினோரு வருடம் ஆகிறது.

"யாருப்பா செத்தது?"

"என் கட்டிலைக் கொண்டுபோய்க் கொட்டகையில போட்டாச்சு. என் நாற்காலி அங்க. நான் பிடிச்சு நடக்கற வண்டி உன் கார் டிக்கியில. மாத்திரை உன் கையில. நான் இருந்த சுவடே இருக்கக் கூடாதுன்னு வீட்டைத் தொடச்சு வச்சாச்சு. இதெல்லாம் எப்போ செய்வாங்க? ஆள் செத்த பிறகுதானே? அப்போ முறைப்படி செய்வோம்."

"மலேனா கத்துவா."

"கொடி ஏத்தச் சொன்னா. எவ்வளவு உயரம்னு சொல்லல."

மெரேட்டாவுக்குத் தூக்கம் கண்ணை இழுத்தது. இந்தக் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போய் அந்த வெள்ளைக் கட்டிலில் விழலாம். அப்பாவால் ஒற்றைக் கையால் கொடியை இறக்க முடியும். முடிச்சுப் போட முடியாது. அவள் கட்டாவிட்டால் கொடி சரிந்து கீழே வந்துவிடும். விஷயம் முடிந்துவிடும்.

அவள் கொடியைப் பாதிக்கு இறக்கி, கயிற்றைக் கொக்கியில் இழுத்துச் சுற்றி, முடிச்சை இரண்டு தடவை போட்டாள்.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக் கொடி அரைக்கம்பத்துக்கு வந்தால் யாரும் போய் ஏன் என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. பார்த்தவர்கள் தங்கள் கொடியையும் அரைக்கம்பத்தில் ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பூவோடு வருவார்கள்.

முதலில் ப்ரேபன் வீட்டுக் கொடி ஏறிப் பாதிக்கு இறங்கியது. அதற்கப்புறம் அவருக்கு அடுத்த வீட்டு இங்கலீஸ் அம்மாளுடையது. பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு. மெரேட்டா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். மதியத்துக்குள் மாதா கோயில் திருப்பத்திலிருந்து இவர்கள் வாசல் வரை சாலையின் இரண்டு பக்கமும் எல்லாக் கொடியும் பாதியில் நின்றன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ப்ரேபன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் வெள்ளை ரோஜாக் கொத்தோடு வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்தது எய்வின்.

ப்ரேபன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சாகலையா?"

"இன்னும் இல்ல."

"பூ வாங்கிட்டு வந்துட்டேன்."

"வச்சுட்டுப் போ."

"அப்போ யாருதான்யா போனது? மெரேட்டாவா?"

"நான் இங்கதான் இருக்கேன், ப்ரேபன்," என்றாள் மெரேட்டா, உள்ளேயிருந்து.

எய்வின் விஷயத்தைச் சொன்னார். நான்கே வாக்கியம். ப்ரேபன் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் காது சிவக்கத் திட்டினார். எய்வினை இல்லை, யெஸ்பரை.

"சரி, நான் போய் என் கொடியைச் சுருட்டிடறேன்," என்று திரும்பியவர், இரண்டடி வைத்து நின்றார். "இல்ல. இறக்கினது இறக்கினதாவே இருக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் தொட மாட்டேன். மத்தவங்களுக்கும் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"எதுக்குன்னு எய்வினுக்குத் தெரியும், பொத்திக்கிட்டு இருங்கன்னு."

கால் மணி நேரத்தில் அவர் டிராக்டரில் எய்வினின் பழைய நாற்காலியைக் கொண்டுவந்து, கொடிக்கம்பத்துக்குக் கீழே புல்லில் இறக்கிப் போட்டார். கை வைக்கும் இடத்தில் தோல் உரிந்த பழுப்பு நாற்காலி. எய்வின் அதில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முதுகு ஒரு இடத்தில் பதிந்தது. பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

மலேனா காரை விட்டு இறங்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மெரேட்டா... எனக்கு யாருமே சொல்லல. ரொம்ப வருத்தமா... எய்வின்..."

நாற்காலியில் எய்வின் பூங்கொத்தை லேசாக உயர்த்திக் காட்டினார்.

மலேனாவின் முகம் வெளுத்தது, சிவந்தது, கடைசியில் தரகர் முகமாக மாறியது.

"இது என்ன விளையாட்டு? இன்னும் பத்து நிமிஷத்துல ஆளுங்க வருவாங்க. கொடியை மேல ஏத்துங்க, ப்ளீஸ்."

"நீங்களே ஏத்துங்க," என்றாள் மெரேட்டா. "கயிறு அங்கதான் இருக்கு. முடிச்சு கொஞ்சம் இறுக்கம்."

மலேனா கம்பத்தருகே போனாள். கயிற்றைப் பார்த்தாள். சாலையின் இரண்டு பக்கமும் நின்ற கொடிகளைப் பார்த்தாள். ப்ரேபன் எதிர்வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளும் இந்தக் கழிக்கரையில் பிறந்து வளர்ந்தவள்தான். அடுத்தவர் வீட்டு அரைக்கம்பக் கொடியில் கை வைக்க அவளால் முடியவில்லை.

"ஒரு மணிக்குக் கிளம்பிடுவோம்னு ஒத்துக்கிட்டீங்களே."

"வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னீங்க," என்றார் எய்வின். "இது வெளியேதான்."

வந்தவர்கள் எல்லாரும் கிசுகிசுத்தார்கள். காலணியை வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, காலுறையோடு அடி மேல் அடி வைத்து உள்ளே போனார்கள். யாரும் அலமாரியைத் திறக்கவில்லை. குழந்தை வண்டியோடு வந்த ஒரு ஜோடி ஹாலைத் தாண்டாமலே திரும்பிப் போனது. மெரேட்டா பன் எதையும் அடுப்பில் வைக்கவில்லை. வீட்டுக்குள் புதுப் பெயிண்ட் வாசனையும் எலுமிச்சை வாசனையும்தான்.

பச்சை மேல்கோட்டுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி நாற்காலியருகே வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இங்க... இந்த வீட்டிலயேவா?"

"பின்கட்டுல," என்றார் எய்வின். "துணி துவைக்கற மெஷினுக்குப் பக்கத்துல. காலையில விழுந்தது, சாயங்காலம்தான் பார்த்தாங்க."

"ஐயோ. யாரு?"

"நான்."

அவர் மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

ஒரே ஒரு பெண் மட்டும் எதற்கும் அசரவில்லை. குட்டை முடி, பெரிய கை. சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தாள். பின்கட்டுத் தரையில் மண்டியிட்டு ஓட்டின் விளிம்பைத் தடவினாள். மாடி ஜன்னலைத் திறந்து கழியையே வெகுநேரம் பார்த்தாள். மெரேட்டாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. வீட்டைப் புரிந்துகொண்டு பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

அந்த நேரத்தில்தான் யெஸ்பரின் கார் வந்தது.

வளைவில் வேகம் குறையாமல் திரும்பி, பாதி புல்லில் ஏறி நின்றது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு, என்ஜினை அணைக்காமல் இறங்கி ஓடி வந்தான். நாற்பத்தெட்டு வயது. எப்போதும் இஸ்திரி கலையாத ஆள். இப்போது சட்டையின் ஒரு பக்கம் வெளியே தொங்கியது.

அவன் மெரேட்டாவைத்தான் பார்த்தான். அவளுக்குப் பின்னால் ப்ரேபன் நின்றார். ப்ரேபனின் அகலத்துக்குப் பின்னால் நாற்காலி மறைந்திருந்தது.

"மெரேட்டா," என்றான். உதடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. "எப்போ?"

அவள் உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அவனை அப்படியே நிற்கவிட்டாள். அதற்காக அவள் பின்னால் ஒருபோதும் வருத்தப்படவில்லை.

"யெஸ்பர்," என்றது நாற்காலி. "காரை அணை. பெட்ரோல் வீணாகுது."

யெஸ்பர் ப்ரேபனைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தான். புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மாடி ஜன்னலில் குட்டை முடிக்காரியும், வாசலில் காலுறையோடு நின்ற நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவன் எழுந்தான். முழங்காலில் பச்சைக் கறை.

"உள்ளே வா," என்றான் மெரேட்டாவிடம்.

எல்லாரும் போன பிறகுதான் பேச முடிந்தது. மலேனா எலுமிச்சம்பழக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். போகிறபோது வாசலில் நின்று, "ஒரு அம்மா மட்டும் திரும்பப் பார்க்கணுமாம். புதன்கிழமை," என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சமையலறையில் அக்காவும் தம்பியும் நின்றார்கள்.

"கோயில் திருப்பத்துலேர்ந்து வந்தேன்," என்றான் யெஸ்பர். "முதல் கொடியைப் பார்த்தேன். சரி, யாரோன்னு நினைச்சேன். ரெண்டாவது. மூணாவது. ஒவ்வொண்ணா இந்த வீட்டைப் பார்த்து வருது. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"அப்பாகிட்ட நான் ஓடிப்போக நினைக்கறேன்னு சொன்ன. என்கிட்ட அவரு போக நினைக்கறாருன்னு சொன்ன. இது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"வேற எப்படிச் சொன்னாலும் நீங்க ரெண்டு பேரும் கேட்டிருக்க மாட்டீங்க! நீ ராத்திரி முழுக்க வெளியே இருக்க. அவரு தனியா இருக்காரு. மறுபடி விழுந்தா?"

"விழுந்தா நான் காலையில வந்து பார்ப்பேன்."

"காலையிலயா! அதுக்குள்ள..."

"அதுக்குள்ள உனக்குப் போன் பண்ணுவாரு. இந்தத் தடவை எடு."

யெஸ்பர் வெளியே தொங்கிய சட்டையை உள்ளே செருகினான். அவள் நிறுத்தவில்லை.

"அந்தப் போனைக் கட் பண்ணினதை உன்னால தாங்க முடியல. அதனால அவரு விழுந்த தரையையே வித்துடப் பார்க்கற. வித்துக்கோ. அந்தப் போன் கட்டானது கட்டானதுதான்."

"நீ அவருக்காகத் தியாகம் பண்றதா நினைச்சு..."

"தியாகமா?" அவள் குரல் உயர்ந்தது. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே முதல் தடவையாகக் கேட்டாள். "எனக்காகத்தான்டா இருக்கேன். எனக்கு இங்க இருக்கணும். இந்த வீட்டுல, இந்தத் தண்ணிச் சத்தத்துல தூங்கணும். அப்பா டவுனுக்கே போனாலும் நான் இங்கதான் இருப்பேன். போதுமா?"

யெஸ்பர் வெள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். பேசும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. அது இன்னும் மோசம்.

"செவ்வாய்க்கிழமை டாக்டர் வர்றாரு."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரியில அப்பா எனக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்தாரே. அவரால முடியாத நிலைமை வந்தா அவர் சார்புல நான் முடிவெடுக்கலாம்னு. அந்த நிலைமை வந்துடுச்சான்னு டாக்டர் சொல்லணும். நான் போன வாரமே கேட்டுட்டேன். அவருக்கு மனசு தெளிவா இருக்குன்னு சொல்லிடுவாங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்." அவன் ஜன்னல் வழியாகப் புல்வெளியைக் காட்டினான். "உயிரோட இருக்கும்போதே தனக்குத் தானே துக்கக் கொடி ஏத்தற ஆளை என்னன்னு எழுதுவாங்க, மெரேட்டா? ஊரே சாட்சி."

மெரேட்டா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒற்றைக் கையெழுத்து. டாக்டரின் கையெழுத்து. அது விழுந்துவிட்டால் அப்பாவின் 'மாட்டேன்' செல்லாது. புதன்கிழமை அந்தக் குட்டை முடிக்காரி வந்து சாவியை வாங்கிக்கொள்வாள்.

"அவரு ஒத்தைக் கையால எப்படிக் கட்டினாருன்னு கேட்டியா?"

"என்ன?"

"கொடியை. கயித்தைப் பிடிச்சது நான். பாதியில நிறுத்தினது நான். முடிச்சுப் போட்டது நான், ரெண்டு தடவை. டாக்டர்கிட்ட சொல்லு. அவரு பேரை எழுதினா என் பேரையும் பக்கத்துலயே எழுதச் சொல்லு. ப்ரேபனை எழுதச் சொல்லு. இங்கலீஸை எழுதச் சொல்லு. இந்த ரோட்டுல இருக்கற அத்தனை பேருக்கும் புத்தி இல்லைன்னு எழுதட்டும். எழுதிட்டு அத்தனை வீட்டையும் வித்துடு."

வாசலில் கதவு திறந்தது. எய்வின் பூங்கொத்தோடு உள்ளே வந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. மண் அப்பிய காலணியைக் கழற்றாமல் நேராகப் போய், வெள்ளை சோபாவில், நடுவில், நன்றாக அழுந்தி உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

யெஸ்பர் தரையைப் பார்த்தான். "பத்து மணிக்குப்பா."

"பத்து மணிக்கு நான் கழியில இருப்பேன். சின்னப் படகு கரையில கவிழ்ந்து கிடக்கு. நவம்பர்லேர்ந்து தண்ணியே படல. உன் டாக்டருக்கு என்னைப் பார்க்கணும்னா நீந்தி வரட்டும்."

"ஒத்தைக் கையோடயா? பைத்தியமா உனக்கு? ஒரு கையால துடுப்புப் போட்டா படகு சுத்திச் சுத்தி வரும்."

"மெரேட்டாவுக்கு ரெண்டு கை இருக்கு."

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழு வயதிலிருந்து மெரேட்டாவுக்குப் படகு ஆகாது. கட்டி நிறுத்திய படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். அப்பாவுக்கு அது தெரியும். யெஸ்பருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அவள் நேராக வேலையிலிருந்து வருவாள், தூங்காத கண்ணோடு. டாக்டர் இங்கே வாசலில் காத்திருப்பார். திரும்பிக் கரைக்கு வரும்போது இந்த வீடு யார் கையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.